முதுநிலைச் சேர்க்கை: விசாரிப்பிலிருந்து முப்பதாம் நாள் வரை

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் உதவிபெறும் கல்லூரியிலோ தன்னாட்சிக் கல்லூரியிலோ முதுநிலைத் துறைத் தலைவராகவோ சேர்க்கைப் பொறுப்பாசிரியராகவோ இருப்பவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். ஜூனில் விண்ணப்பக் கட்டு கனமாக இருக்கிறது; ஆகஸ்டில் வருகைப்பதிவேடு மெலிந்துவிடுகிறது. இடையில் போனவர்கள் எங்கே என்று கேட்டால் சென்னைக்கு, கோயம்புத்தூருக்கு, வேலைக்கு, கல்யாணத்துக்கு என்று பதில் வரும். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. விண்ணப்பம் போட்ட ஒருவர் வகுப்பறைக்கு வந்து சேருமுன் பணம், சான்றிதழ், தகவல், வீட்டாரின் சம்மதம் என்று பல வாசல்களைத் தாண்ட வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொரு வாசலிலும் அவர் தனியாகவே நிற்கிறார். என் வாதம் இதுதான்: புதிதாக ஆள் தேடுவதைவிட, வந்த ஆளைக் கடைசிவரை கூட்டிவருவதே சேர்க்கையின் பெரும்பகுதி வேலை. இது உங்கள் துறைக்குப் பொருந்துமா என்பதை நீங்களே சோதிக்க முதல் படியில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு வேறு சொன்னால் கணக்கையே நம்புங்கள்.

நடுவழியில் நழுவுவது: சான்று என்ன?

அமெரிக்காவில் பெஞ்சமின் காசில்மேன், லிண்ட்சே பேஜ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நழுவலை அளந்து பார்த்தார்கள். கல்லூரிக்குப் போகும் எண்ணத்தோடு பள்ளியை முடித்தவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர், கோடை விடுமுறை முடியும்போது எந்தக் கல்லூரியிலும் சேர்வதில்லை என்று கண்டார்கள். 2012 கோடையில், அடுத்துச் செய்யவேண்டிய வேலை எது என்பதை நினைவூட்டும் குறுஞ்செய்திகளை மாணவர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு மாணவருக்கு ஏறத்தாழ 7 டாலர்தான் செலவு. வழிகாட்ட ஆள் இல்லாத மாணவர்களிடையே சேர்க்கை கூடியது. அது இளநிலைக்குப் போகும் பிள்ளைகள் பற்றிய ஆய்வு; அந்த எண்களை அப்படியே நம் எம்.எஸ்ஸி. வகுப்புக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் காரணம் பொதுவானது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருப்பவருக்கு அடுத்த படிவம் எது, கடைசித் தேதி எது என்று வீட்டில் சொல்ல ஆள் கிடையாது. திரேஸ்புரத்திலோ, தருவைகுளத்திலோ, புன்னக்காயலிலோ, ஓர் உப்பளத் தொழிலாளியின் வீட்டிலோ இந்த நிலைமை மாறிவிடவில்லை.

நம் கரையில் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கடைசி செமஸ்டர் தேர்வு, முடிவுகள், விண்ணப்பக் கட்டணம், முதல் தவணை எல்லாம் இந்தத் தடைக்காலத்திலோ அதை ஒட்டியோ வந்து விழுகின்றன. வீட்டில் வரவு நின்றிருக்கும் மாதத்தில்தான் கல்லூரி பணம் கேட்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் அதை விரிவாக்கும் விழா 2024 டிசம்பரில் தூத்துக்குடியிலேயே நடந்தது. ஆனால் அந்த உதவி இளநிலைப் பட்டத்தோடு முடிகிறது. மூன்றாண்டு கையில் வந்த பணம் நிற்கும் அதே மாதத்தில் முதுநிலைக் கட்டணம் தொடங்குகிறது. இதை முன்கூட்டி அறிந்து திட்டமிடும் துறைக்கும், ஆகஸ்டில் அறிந்து வருந்தும் துறைக்கும் உள்ள வேறுபாடு வருகைப்பதிவேட்டில் தெரியும்.

தொடங்குமுன்: பாரைப் பாருங்கள்

இந்தக் கடலில் முத்துக்குளிப்பை யாரும் குருட்டாம்போக்கில் அறிவித்ததில்லை. முதலில் முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பார்களுக்குச் சென்று சிப்பியின் வயதையும் அடர்த்தியையும் பார்ப்பார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, முத்தைப் பிரித்து, விலை மதிப்பார்கள். மதிப்பு தேறினால்தான் குளிப்புக்கு நாள் குறிக்கப்படும். தேறாத ஆண்டில் அறிவிப்பே கிடையாது. தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961-இல் முடிந்தது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கியதும் வேட்டையின் வழியில் அல்ல. பொறுமையான பராமரிப்பின் வழியில். மாணவர் சேர்க்கைக்கும் இந்த ஒழுங்கு வேண்டும். முதலில் அளவீடு, பிறகு அறிவிப்பு, கடைசிவரை பராமரிப்பு.

ஒன்பது படிகள்

படி 1. மூன்றாண்டுக் கணக்கு எடுங்கள் (அக்டோபர்)

ஒரு தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: விசாரித்தவர், விண்ணப்பித்தவர், தேர்வானவர், கட்டணம் கட்டியவர், வகுப்பு தொடங்கி முப்பதாம் நாள் வந்திருந்தவர். கடந்த மூன்று ஆண்டுகளுக்கும் எண்களை நிரப்புங்கள். எந்த இரண்டு பத்திகளுக்கு நடுவில் பெரிய சரிவு இருக்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை. விசாரித்தவர்களே குறைவென்றால் படி 3-இல் கூடுதல் நேரம் செலவிடுங்கள். விண்ணப்பித்துத் தேர்வாகியும் கட்டணம் கட்டாதவர் அதிகமென்றால் படி 5, 6. கட்டணம் கட்டியும் முப்பதாம் நாள் இல்லாதவர் அதிகமென்றால் படி 9. இந்தக் கணக்கு இல்லாமல் பேனர் அடிப்பது, பார் பார்க்காமல் குளிப்பு அறிவிப்பதற்குச் சமம்.

*குறிப்பு:* விசாரித்தவர் எண்ணிக்கை பெரும்பாலான துறைகளில் எழுதி வைக்கப்படுவதில்லை. இந்த ஆண்டே அலுவலக மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். பெயர், தொலைபேசி எண், படித்த கல்லூரி, கேட்ட கேள்வி என்ற நான்கு மட்டும் போதும்.

படி 2. ஒரு பக்க உண்மைத்தாள் எழுதுங்கள் (நவம்பர்)

கைப்பிரசுரத்தில் கட்டடப் படமும் நிறுவனர் படமும் இருக்கும். மாணவர் கேட்கும் ஆறு கேள்விக்குப் பதில் இருக்காது. அந்த ஆறையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, இரண்டு ஆண்டுக்கும் தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம் உட்பட மொத்தச் செலவு எவ்வளவு, விடுதியும் பேருந்தும் உண்டா, ஆய்வேட்டை யாரிடம், எங்கே செய்யலாம், கடந்த மூன்று அணிகளில் படித்து முடித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள், எந்த உதவித்தொகைக்குத் தகுதி உண்டு. ஐந்தாவது கேள்விக்கு விடை எழுதும்போது வேலை கிடைக்காதவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

கடல்சார் துறையென்றால் இன்னும் கவனம் தேவை. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இயங்குகிறது. 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இப்போது இருக்கிறது. அங்கே எம்.எஃப்.எஸ்ஸி. படிக்கப் பொதுவாக பி.எஃப்.எஸ்ஸி. பட்டம் கேட்பார்கள். பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தவருக்குக் கடல்சார் படிப்பில் மேலே போக, கலை அறிவியல் கல்லூரியின் எம்.எஸ்ஸி.யே பெரும்பாலும் வாசல். இரண்டு பட்டங்களும் ஒன்றென்று சொல்லிச் சேர்த்தால், அரசு வேலை அறிவிப்பில் தகுதிப் பகுதியைப் படிக்கும் நாளில் மாணவர் உடைந்துபோவார். வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட்டு, உங்கள் பட்டம் எதற்கு உதவும் என்பதை எழுதுங்கள்.

படி 3. ஆறாம் செமஸ்டரின் தொடக்கத்திலேயே போய்ப் பேசுங்கள் (டிசம்பர்–பிப்ரவரி)

மாணவரின் முடிவு ஆறாம் செமஸ்டர் தேர்வு அறையில் உருவாவதில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் வீட்டில் நடக்கும் பேச்சில் உருவாகிறது. எனவே முதல் பேச்சு உங்கள் சொந்த மூன்றாம் ஆண்டு வகுப்பில். அடுத்தது, அதே பாடத்தில் முதுநிலை இல்லாத பக்கத்துக் கல்லூரிகளில். தூத்துக்குடி நகரில் 1948-இல் தொடங்கிய தூய மரியன்னை கல்லூரி, 1951-இல் தொடங்கிய வ.உ.சிதம்பரம் கல்லூரி, 1966-இல் தொடங்கிய காமராஜ் கல்லூரி என்று பழைய நிறுவனங்கள் இருக்கின்றன. திருச்செந்தூரிலும் கோவில்பட்டியிலும் கல்லூரிகள் உண்டு. எந்தப் பாடத்துக்கு எந்தக் கல்லூரியில் முதுநிலை இல்லை என்று ஒரு பட்டியல் போட்டால் உங்கள் பயண வரைபடம் கிடைத்துவிடும். போகும்போது தற்போதைய முதுநிலை மாணவர் இருவரைக் கூட்டிச் செல்லுங்கள். பேராசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை அந்த அக்கா, அண்ணனிடம் கேட்பார்கள்.

*குறிப்பு:* பெண்கள் கல்லூரியில் பேசும் நாளில் பெற்றோருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, விடுதிப் பொறுப்பாளர் யார் என்பவை அவர்களின் கேள்விகள். அவற்றுக்கும் பதிலோடு போங்கள்.

படி 4. விண்ணப்பத்தைச் சுருக்குங்கள் (மார்ச்–ஏப்ரல்)

தேர்வுசெய்யத் தேவைப்படாத எதையும் விண்ணப்பத்தில் கேட்காதீர்கள். மதிப்பெண், சமூகப் பிரிவு, தொடர்பு எண், சிறப்புப் பிரிவு இருந்தால் அது, இவை போதும். அரசுக் கல்லூரிகளுக்கு அரசின் இணையதளம் வழியே ஒரே விண்ணப்பம் என்ற முறை வந்துவிட்ட பிறகு, பத்துப் பக்கப் படிவம் வைத்திருக்கும் கல்லூரி போட்டியில் தானே பின்தங்குகிறது. தகவல் கையேட்டை விலை கொடுத்து வாங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பு. கைப்பேசியில் நிரப்ப முடிகிறதா என்பதை ஒரு மாணவரை உட்காரவைத்துச் சோதியுங்கள். ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடியவில்லை என்றால் இன்னும் சுருக்குங்கள்.

படி 5. தேர்வுப் பட்டியலும் அவகாசமும் (ஜூன்)

மாநில இடஒதுக்கீடு 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு நடைமுறை வேறு. பொதுப் பட்டியலை மதிப்பெண் வரிசையில் முதலில் நிரப்பிவிட்டு, அதன் பிறகே பிரிவு வாரியான இடங்களுக்கு வாருங்கள். பொதுப் பிரிவில் இடம்பெறத் தகுதியுள்ள ஆதிதிராவிட மாணவரை ஒதுக்கீட்டு இடத்தில் வைப்பது தவறு. அதனால் இன்னொரு மாணவரின் இடம் பறிபோகிறது. பட்டியலை மதிப்பெண்ணோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒளிவு இல்லாத பட்டியல் உங்களுக்கே பாதுகாப்பு.

இடம் ஒதுக்கியதும் "நாளைக்குள் கட்டுங்கள், இல்லாவிட்டால் இடம் போய்விடும்" என்று சொல்வது பரவலான வழக்கம். அமெரிக்க முதுநிலைக் கல்வி நிறுவனங்கள் கூடி ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாடு உண்டு: நிதியுதவியோடு இடம் தந்தால், ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்கக் கூடாது. அங்குள்ள தேதி நமக்குப் பொருந்தாது. அதன் அறம் பொருந்தும். அவசரத்தில் கட்டியவர் வேறு இடம் கிடைத்ததும் போய்விடுவார். அதற்குள் உங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவரும் வேறெங்கோ சேர்ந்திருப்பார். ஏழு நாள் அவகாசம் கொடுங்கள், கடைசித் தேதியை எழுத்தில் கொடுங்கள், எட்டாம் நாள் காலையில் காத்திருப்போர் பட்டியலின் முதல் பெயரை அழையுங்கள்.

படி 6. கட்டணத்தைக் கரையின் நாட்காட்டியில் வையுங்கள்

1. முதல் தவணையின் கடைசித் தேதி ஜூன் 14-க்குப் பிறகு குறைந்தது இரண்டு வாரம் தள்ளி இருக்கட்டும். தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போய், மீன் கரையேறி, பங்கு பிரித்த பிறகுதான் வீட்டுக்குப் பணம் வரும்.
2. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா பேராலயத் திருவிழா. அந்த நாட்களில் கலந்தாய்வும் சான்றிதழ் சரிபார்ப்பும் வைக்காதீர்கள்.
3. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் உப்பளங்கள் ஓய்ந்துவிடும். இரண்டாம் தவணையை அந்த மாதங்களில் வைத்தால் உப்பளத் தொழிலாளியின் பிள்ளை தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்பார். செப்டம்பருக்கு முன்போ, பிப்ரவரிக்குப் பின்போ வையுங்கள்.
4. உதவித்தொகை விண்ணப்பத்தை வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே துறையில் உட்காரவைத்து நிரப்புங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகைகளுக்குப் பெரும்பாலும் ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம் ரூபாய். மீனவர் நல வாரியமும் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களும் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகின்றன. தகுதி வரிசையில் வரும் முதலாண்டு முதுநிலை மாணவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு மாதம் 15,000 ரூபாய் வீதம் ஆண்டுக்குப் பத்து மாதம் தரும் தேசிய உதவித்தொகையும் உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

படி 7. ஒவ்வொருவருக்கும் ஒரு கயிறு (ஜூன்–ஜூலை)

முத்துக்குளிப்பில் மூழ்கியவரின் உயிர், மேலே படகில் கயிறு பிடித்திருப்பவரின் கையில் இருந்தது. சேர்க்கையிலும் தேர்வான ஒவ்வொரு மாணவருக்கும் கயிறு பிடிக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். பட்டியல் வந்த அன்றே பெயர்களைத் துறை ஆசிரியர்களுக்குள் பிரித்துவிடுங்கள். ஒருவருக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். மூன்று அழைப்புகள் போதும். முதல் அழைப்பு, பட்டியல் வந்த அன்று: வாழ்த்தும் கடைசித் தேதியும். இரண்டாவது, நான்காம் நாள்: எது தடையாக இருக்கிறது என்ற ஒரே கேள்வி. மூன்றாவது, வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள்: எந்த அறை, எத்தனை மணி, யாரைப் பார்க்க வேண்டும். இரண்டாம் அழைப்பில் கிடைக்கும் பதில்களை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு எந்த வாசலை அகலப்படுத்த வேண்டும் என்பதை அந்தப் பதில்களே சொல்லும்.

படி 8. சான்றிதழ் சரிபார்ப்பு

பார்க்க வேண்டியவை: ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ், உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வருபவர் என்றால் இடம்பெயர்வுச் சான்றிதழும், பல்கலைக்கழகம் கேட்கும் தகுதிச் சான்றிதழும். முடிவு தாமதமானவரைத் தற்காலிகமாகச் சேர்க்கப் பல்கலைக்கழக விதி இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். தந்தால் கடைசித் தேதியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூலச் சான்றிதழ்களை மாணவர் முன்னிலையில் பார்த்து, அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கல்லூரி அவற்றைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது மானியக் குழுவின் 2018 அறிவிப்பில் தெளிவாக உள்ள விதி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய மாவட்டம் இது. வந்த மாணவரிடம் எல்லாச் சான்றிதழையும் டிஜிலாக்கரிலும் மின்பிரதியாகவும் சேமிக்கச் சொல்லி அனுப்புவது சிறு உதவி. வெள்ளம் வரும் ஆண்டில் அதுவே பேருதவி.

படி 9. முதல் முப்பது நாள்

கட்டணம் கட்டியதோடு சேர்க்கை முடிந்தது என்று நினைப்பதே கடைசி நழுவலுக்குக் காரணம். முதல் வாரத்தில் இளநிலைப் பாடத்தின் அடிப்படைகளை மீண்டும் தொடும் இணைப்பு வகுப்பு நடத்துங்கள். தமிழ்வழி படித்து வந்தவருக்கு ஆங்கிலக் கலைச்சொல் பட்டியலைக் கையில் கொடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து வராதவரின் வீட்டுக்குக் கயிறு பிடிக்கும் ஆசிரியர் அன்றே பேச வேண்டும். முப்பதாம் நாள் எண்ணிக்கையை எடுத்து, படி 1-இன் தாளில் எழுதுங்கள். அடுத்த ஆண்டின் வேலை அங்கே தொடங்குகிறது.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு

ஆய்வு மாணவர் சேர்க்கையில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளே அடிப்படை. பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வழிகாட்ட முடியாது. எம்.ஃபில். இனி இல்லை. 2024 முதல் நெட் தேர்வின் மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஆனால் அது தேர்ச்சி பெற்ற சிலருக்கே. எனவே எம்.எஸ்ஸி. சேரும் நாளிலேயே முனைவர் பட்டத்துக்கு இடம் தருவதாக வாய்ச்சொல் கொடுக்காதீர்கள். வழிகாட்டிக்குக் காலியிடம் உண்டா, நிதி எங்கிருந்து வரும், ஆய்வகம் உண்டா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் மட்டும் பேசுங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

1. பேனருக்குப் பணம் செலவழித்துவிட்டு, அலுவலகத் தொலைபேசியை எடுக்க ஆள் வைக்காமல் விடுவது.
2. "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று அச்சடிப்பது. துறைமுகமும் தொழிற்சாலைகளும் இருக்கும் ஊர் என்பதால் எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடாது.
3. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குக் களப்பயணம் என்று பிரசுரத்தில் போடுவது. 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. கடல் அட்டையும் கடல் குதிரையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். மாணவர் அவற்றைச் சேகரித்தால் வழக்கு அவர் மீது வரும்.
4. விலகும் மாணவரின் பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது. மானியக் குழுவின் 2018 அறிவிப்பின்படி, அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் முழுத் தொகை. அதில் செயல்முறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்வரை கழிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக முன்பு என்றால் 90 சதவீதம். கடைசித் தேதிக்குப் பின் 15 நாளுக்குள் 80. 16 முதல் 30 நாளுக்குள் 50. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான தனிச் சுற்றறிக்கையும் வருகிறது. அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு

சேர்க்கைக் காலம் மோசடிக் காலமும் கூட. இடம் வாங்கித் தருவதாக இடைத்தரகர்கள் பணம் வாங்குவார்கள். கல்லூரியின் பெயரில் போலி எண்ணிலிருந்து பணம் கேட்பார்கள். கல்லூரி வங்கிக் கணக்கைத் தவிர எந்த ஆசிரியரின் கைப்பேசி எண்ணுக்கும் பணம் அனுப்பக் கூடாது என்று உண்மைத்தாளின் அடியில் பெரிய எழுத்தில் போடுங்கள். விண்ணப்பதாரர்களை ஒரே வாட்சப் குழுவில் சேர்க்காதீர்கள்; அதில் எல்லாப் பெண்களின் எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தனித்தனியே போய்ச் சேரும் ஒளிபரப்புப் பட்டியல் வழியே செய்தி அனுப்புங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தக் கவனத்தையே வலியுறுத்துகிறது. பகடிவதைக்கு எதிரான உறுதிமொழியை மாணவரிடமும் பெற்றோரிடமும் வாங்குங்கள். தமிழ்நாட்டில் இதற்கு 1997 முதலே தனிச் சட்டம் உண்டு. தேசிய உதவி எண் 1800-180-5522. உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர்கள் முதல் நாளே மாணவிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படகில் களப்பணி உண்டென்றால் உயிர்காப்பு உடை, காப்பீடு, பெற்றோர் ஒப்புதல் மூன்றும் இல்லாமல் கரையை விட்டுக் கிளம்பக் கூடாது.

எழக்கூடிய மறுப்புகள்

"ஆசிரியரின் வேலை கற்பிப்பது, ஆள் பிடிப்பது அல்ல" என்பது முதல் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. சேர்க்கை இலக்கு வைத்து ஆசிரியர்களை வீடுவீடாக அனுப்புவது அவர்களின் மதிப்பைக் குறைக்கும். அதை நான் பரிந்துரைக்கவில்லை. ஒருவருக்கு ஐந்து மாணவர், மூன்று அழைப்பு என்பது மொத்தம் பதினைந்து அழைப்பு. இரண்டு மாதத்தில் சில மணி நேரம். அந்த நேரத்தில் நடப்பது வழிகாட்டுதல். பாடத்தின் முதல் வகுப்பு என்றே அதைச் சொல்லலாம்.

"காலி இடங்களை நிரப்பத் துரத்தினால் தரம் குறையும்" என்பது இரண்டாவது. இங்கே சொன்ன படிகள் எதுவும் தகுதி மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லவில்லை. தகுதியோடு தேர்வான ஒருவர் 500 ரூபாய்ச் சான்றிதழ்ச் செலவாலோ, தெரியாமல் போன தேதியாலோ விலகும்போது அவர் இடத்துக்கு வருபவர் பட்டியலில் அவருக்குக் கீழே இருப்பவர்தான். நழுவலைத் தடுப்பது தரத்தைக் காப்பாற்றும் வழி.

"தவணையைத் தள்ளினால் பணம் வராது" என்பது நிர்வாகத்தின் மறுப்பு. சிலரிடமிருந்து வராமலும் போகலாம். ஆனால் காலியாகக் கிடக்கும் இருக்கையிலிருந்து இரண்டு ஆண்டும் ஒரு ரூபாய்கூட வராது. சில வாரத் தாமதமா, இரண்டாண்டு இழப்பா என்று படி 1-இன் தாளை வைத்து நிர்வாகத்துக்கு எண்ணால் காட்டுங்கள்.

"எப்படியும் நல்ல மாணவர் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய்விடுவார்" என்பது கடைசி மறுப்பு, மனச்சோர்விலிருந்து வருவது. போகவேண்டியவர் போகட்டும், அவருக்கு நல்ல பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுங்கள். ஆனால் போக வசதி இல்லாதவர், வீட்டார் அனுப்பாதவர், இந்தக் கடலையும் உப்பையும் துறைமுகத்தையுமே ஆய்ந்து படிக்க விரும்புகிறவர் என்று இங்கே இருக்க வேண்டியவர்கள் உண்டு. உங்கள் துறை அவர்களுக்காகத்தான் இந்த ஊரில் இருக்கிறது.

இந்த ஆண்டு ஒன்பது படிகளையும் செய்ய முடியாவிட்டால் மூன்றை மட்டும் செய்யுங்கள்: ஐந்து பத்திக் கணக்கு, ஒரு பக்க உண்மைத்தாள், நான்காம் நாள் அழைப்பு. மூன்றுக்கும் பணம் தேவையில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆசிரியர் ஒருவர் தொலைபேசியை எடுத்து, "எது தடையாக இருக்கிறது, சொல்லும்மா" என்று கேட்டாலே போதும். அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கும் பெயர்கள் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. இன்றைக்கே முதல் பெயரை அழையுங்கள்.